பாலத்தின் நடுவில் நின்ற ரெஜினா மேடம்

செய்தி வந்தபோது நான் வாசலில் நின்று, பூட்டிய பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஜெனிட்டா. ரெஜினா மேடத்தின் ஒரே மகள், கொள்ளிடத்துக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலையில காபி கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் வெளியே வந்தேன். இதை எழுதும்போதும் அப்படித்தான், ஒரு பத்தி முடிவதற்குள் எழுந்து நடக்கிறேன். அவரை அறிந்த நீங்கள், இந்தக் கட்டுரை அங்குமிங்கும் அலைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் இருந்திருந்தால் "பன்னீர் சார், மொதல்ல உக்காருங்க" என்றிருப்பார். சொல்லிவிட்டு அவரே எழுந்து நடந்துகொண்டிருப்பார்.

தஞ்சாவூரில் எங்கள் கல்லூரியின் மருந்தியல் துறையில் இருவருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேசை. மேசைக்கு அடியில் அவர் கால் ஓயாமல் ஆடும். மேசைக்கு மேலே நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பேன். இந்த லட்சணத்தில் இருவருக்கும் ஆராய்ச்சி பதற்றத்தைப் பற்றி. பதற்றத்தைத் தணிக்க, கஞ்சாவின் சத்தைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருளை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது; மேடத்தின் ஆராய்ச்சி அதில்தான். ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர். மாணவர்கள் விடுவார்களா? முதுகுக்குப் பின்னால் அவர் 'கஞ்சா மேடம்' ஆகிவிட்டார். அது அவர் காதுக்கும் வந்தது. மறுநாள் வகுப்பில், "பேரு வச்சீங்க, சரி. சோறு யாருடா வைப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினார்.

அந்த ஆனந்தமைடை அவர் நடத்திய விதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நரம்பணுக்களுக்கு இடையே செய்தி வழக்கமாக மேலிருந்து கீழே போகும். இது மட்டும் எதிர்த்திசையில் போகும். "தண்ணி வாங்குற வயலே மேல்மடைக்கு ஆள் அனுப்பி, போதும்ப்பா, மடையைச் சாத்துன்னு சொல்ற மாதிரி" என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மேடம், எங்க ஊரு கடைமடை. போதும்னு அங்க ஒருத்தரும் சொன்னதில்ல" என்றான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "நம்மள மாதிரி பதட்டக்காரங்க மூளையும் ஏறக்குறைய அதான்டா. போதும்னு சொல்லப் போற ஆளை ஒரு நொதி வழியிலேயே கரைச்சுடுது" என்றார்.

ஒருமுறை அவருடைய பங்குக் கோவிலில் பெண்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் பங்குத்தந்தை தயங்கித் தயங்கி, "அப்போ கஞ்சா நல்லதுங்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். "ஃபாதர், பயிருக்குத் தண்ணி நல்லது. அதுக்காக மேட்டூர் அணையை வயலுக்குள்ள ஒடைச்சு விடுவீங்களா?" என்றார் மேடம். அந்த மாதிரிச் சத்தை எலிகளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தால், மனத்தைச் சமன்செய்யும் செரட்டோனினைச் சுரக்கும் நரம்பணுக்கள் சுறுசுறுப்பாகி மனம் அடங்குகிறது, அளவு மீறினால் அதே செரட்டோனின் சரிந்து பதற்றம் கூடுகிறது என்று பொறுமையாக விளக்கினார். மேடைக்குப் பின்னால் வந்ததும் என்னிடம், "கால் நடுங்கினது வெளிய தெரிஞ்சுதா சார்?" என்று கேட்டார். தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னேன்.

எனக்கு நெஞ்சு படபடத்துத் தூக்கம் கெட்ட காலத்தில் மருத்துவர் செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில நாளிலேயே பலன் இல்லை என்று நிறுத்திவிட்டேன். மருந்தியல் வாத்தியாரே இப்படி என்றால் ஊரைச் சொல்லி என்ன பயன்? மேடம் கண்டுபிடித்துவிட்டார். "நாத்து நட்ட மறுநாளே அருவாளை எடுத்துட்டு வயலுக்குப் போவீங்களா? போய் டாக்டரைப் பாருங்க" என்று அறையைவிட்டே துரத்தினார். போனேன். இன்றும் காலையில் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பேருந்து ஏறுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி பாலத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கூட்டல் குறி வடிவத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை உண்டு. அதன் இரண்டு கைகளுக்குப் பக்கச் சுவர் இருக்கும், மற்ற இரண்டும் வெட்டவெளி. பதற்றம் உள்ள எலி சுவருக்குள்ளேயே பதுங்கும். எலியின் பயத்தை எடைபோடும் இந்த மேடத்துக்குப் பாலம் என்றால் உயிர் போகும் பயம். ஆறும் வாய்க்காலுமாகக் கிடக்கும் இந்த ஊரில் பாலத்துக்குப் பயந்தால் எங்கே போவது? அவர் கணவர் செல்வநாதன் அண்ணன் பாபநாசத்துப் பக்கம் விவசாயம் பார்ப்பவர், தங்கமான மனிதர். வாடகைக் கார் பாலத்தில் ஏறும்போதெல்லாம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மேடத்தின் பக்கத்துக் கண்ணாடியை மறைத்துப் பிடித்துக்கொள்வார். மேடம் கண்ணை மூடிக்கொள்வார். அப்படியே பல வருடம் ஓடியது. பயமும் அந்தத் துண்டின் நிழலில் நன்றாகக் கொழுத்தது.

ஜெனிட்டா கல்யாணமாகி அக்கரைக்குப் போனாள், உண்டானாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர எல்லாம் தயாரானபோது, அவள் படுக்கையைவிட்டு அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியாரும் உயிரோடு இல்லாத வீடு. மேடம்தான் போக வேண்டும். அண்ணனும் அவருமாகப் போனார்கள். கொள்ளிடத்துப் பாலத்தைப் பார்த்ததும் துண்டும் உதவவில்லை. மேடம் மூச்சு முட்டிக் கதறி, காரைத் திருப்பவைத்துவிட்டார். மறுநாள் கல்லூரியில் என் எதிரே உட்கார்ந்து அழுதார். "எம்பொண்ணு தனியா கெடக்கறா. நான் இங்க எலிக்குப் பாடம் எடுத்துட்டிருக்கேன்" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், உங்க கார்ல என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா? அவரு வந்தா துண்டைப் புடிச்சிடுவாரு" என்றார்.

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. பயந்த இடத்துக்கே எலியைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். கெடுதல் எதுவும் நடக்காமல் அங்கே நேரம் கழிய வேண்டும். அப்போது மூளையில் ஊறும் ஆனந்தமைடு பழைய பயத்தின் பிடியைத் தளர்த்த உதவுகிறது. அது போய் ஒட்டும் இடத்தை மூளையில் இல்லாமல் செய்த எலிகளுக்குப் பயம் லேசில் விடுவதில்லை. அந்தப் பொருளை மூளை முன்கூட்டிச் செய்து சேர்த்துவைப்பதும் இல்லை, வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில்தான் செய்துகொள்கிறது. "மருந்து பாலத்துக்கு நடுவுலதான் சார் ஊறும்" என்றார் மேடம்.

பாலத்தில் ஏறியதும் என் புத்தி என்னைக் கேட்காமலே வேலை செய்தது. சீக்கிரம் கடந்துவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். "நிறுத்துங்க சார்!" என்று ஒரு சத்தம். நிறுத்தினேன். நட்டநடுப் பாலத்தில் இறங்கிக் கைப்பிடிச் சுவர் அருகே போய் நின்றார். உடம்பெல்லாம் வியர்வை, பல் தந்தியடித்தது. கீழே புதுத்தண்ணீர் கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் ஒரு பெண் அழுதுகொண்டு ஆற்றைப் பார்த்து நின்றால் ஊர் என்ன நினைக்கும்? மொபெட்டில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மேடத்தின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"யம்மா, என்ன கஷ்டம் இருந்தாலும் சரி, ஆத்துல மட்டும் எறங்கிடாத தாயி!"

"நான் சாக வரலம்மா. பயப்பட வந்திருக்கேன். கையை விடுங்க, நீங்க புடிச்சிருந்தா கணக்குல சேராது."

"பயப்படறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? ஊட்லயே கெடைக்குமே!"

மேடம் சிரித்துவிட்டார். நடுங்கிக்கொண்டே சிரித்தார். அந்த அம்மாள் கையை விட்டார், ஆனால் போகவில்லை. மீன் வெயிலில் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றிருந்தார். நான் வேறு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து மேடம், "பயம் எறங்குது சார். தானா எறங்குது" என்றார். நடந்தே அக்கரை சேர்ந்தார், நான் காரை மெல்ல ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். பேத்தி பிறந்தபோது முதலில் வாங்கிய கை அவருடையதுதான்.

அதன்பின் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ முறை போய்வந்தார். பயம் முழுக்கத் தீர்ந்துவிட்டதா என்று ஒருநாள் கேட்டேன். "அது போச்சான்னு கேக்காதீங்க. நான் போனேனான்னு கேளுங்க" என்றார். கடைசியாகப் பேத்தியைப் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் போயிருக்கிறார்.

தஞ்சாவூரில் அடக்கம் செய்ய அவரை அக்கரையிலிருந்து அழைத்து வந்தோம். வண்டியில் பெட்டியின் ஒரு பக்கம் செல்வநாதன் அண்ணன், மறுபக்கம் ஜெனிட்டா, ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான். கொள்ளிடத்துப் பாலத்தில் ஏறியதும் அண்ணனின் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டை எடுத்து, பெட்டியின் பக்கம் இருந்த கண்ணாடியை மறைத்துப் பிடித்துக்கொண்டார். ஜெனிட்டா அவர் மணிக்கட்டைத் தொட்டாள். "துண்டை எடுங்கப்பா. அம்மா பாத்துக்கிட்டே வரட்டும்." அண்ணன் அவளைப் பார்த்தார். கை மெல்லக் கீழே இறங்கியது. அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை அழுதார்.

ஓட்டுநர் அதைக் கேட்கப் பொறுக்காமல் வேகத்தைக் கூட்டினார். மேடத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதை அப்போதுதான் உணர்ந்தேன். என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் சொன்னேன்: "மெதுவாப் போங்க தம்பி. பாலம்."