மூன்று வரி சதவீதக் குறி

எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், ஒரு இணைய முகவரிக்காக அண்ணனோடு இருபது நாள் பேசாமல் இருந்தது உங்களுக்குப் புரியாது.

அது 2009. தோட்டக்கலை படித்துவிட்டுத் தேனியில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை பார்த்தேன். திராட்சைக் கொடியில் வரும் சாம்பல் நோய்க்கு என்ன செய்வது என்று தினமும் யாராவது வந்து கேட்பார்கள். பதிலையெல்லாம் தமிழில் எழுதி ஒரு வலைப்பதிவில் போட்டேன். தளத்தின் பெயர் ஆங்கிலம்தான், ஆனால் அதற்குப் பின்னால் பக்கத்தின் முகவரி தமிழிலேயே நின்றது: திராட்சை-சாம்பல்-நோய். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

அண்ணன் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளர். மாதக் கூட்டத்து நோட்டீஸில் என் முகவரியைப் போடச் சொன்னேன். தங்கச்சி என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆத்தா, இங்கிலீஷுல மாத்திக் குடு. தமிழ்ல இருந்தா எவன் தொறப்பான்?"

"தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் தொறப்பான்."

"சரி, ஒரு தடவ போடுறேன். அடுத்த கூட்டத்துக்குள்ள ஒருத்தனாச்சும் தொறந்தேன்னு சொல்லணும். இல்லேன்னா இங்கிலீஷுதான், அப்புறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

முகவரியை நகலெடுத்து அச்சகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒட்டும்போதே தமிழ் எழுத்தெல்லாம் %E0%AE%A4 என்று உருமாறி மூன்று வரிக்கு நீண்டதை நான் கவனிக்கவில்லை. என் தப்புதான். அச்சகத்துக்காரர், கம்ப்யூட்டர் சமாச்சாரம் இப்படித்தான் இருக்கும் என்று மூன்று வரியையும் ஓர் எழுத்து விடாமல் அச்சடித்துவிட்டார்.

ஊரே சிரித்தது. கடைக்கு வந்தவர்களெல்லாம், "என்ன தாயி, இத்தன பர்சென்ட்டு போட்டிருக்க, வட்டிக்கு விடுறியா?" என்றார்கள். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அன்றுதான் பேச்சை நிறுத்தினேன். பக்கத்தின் அடியில் வந்தவர் எண்ணிக்கை பதினொன்று என்று காட்டியது. பதினொன்றும் நான்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அது பன்னிரண்டானது. நிச்சயம் நான் இல்லை.

மறுநாள் கூட்டத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அண்ணன் எழுந்து, "முகவரி இனிமே இங்கிலீஷுல வரும்" என்று ஆரம்பித்ததும் கோம்பை ஊர்க்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும். மடித்து மடித்துக் கிழிந்த நோட்டீஸ் கையில் இருந்தது.

"எனக்கு ரெண்டு ஏக்கர் கொடி. எலையெல்லாம் வெள்ள பூத்துக் கெடக்கு. எல்லாரும் இத வட்டிக் கணக்குன்னு சொன்னாக. நான் உத்தமபாளையத்துல பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எனக்கு இங்கிலீஷு தெரியாது. தாள்ல இருக்கிற உருவத்தக் கீபோர்டுக் கட்டையில தேடித் தேடி அடிச்சேன். பாத்தா, அதே கொஞ்சம் கட்டதான் திரும்பத் திரும்ப வருது. ஒரு மணி நேரமாச்சு."

"தொறந்துச்சா?" என்றார் அண்ணன்.

"தொறந்துச்சு! தொறந்ததும் மேல முகவரி அடிக்கிற கட்டத்துக்குள்ள நான் அடிச்சதெல்லாம் காணோம். திராட்சை சாம்பல் நோய்னு தமிழ்ல நிக்குது. அட, நானாய்யா இத அடிச்சேன்னு இருந்துச்சு! தங்கச்சி எழுதுனதப் பாத்து எலையக் கழிச்சு மருந்தும் அடிக்க ஆரம்பிச்சாச்சு." நோட்டீஸை அண்ணன் முன்னால் நீட்டினார். "ஏன்யா, உள்ள தமிழாத்தான இருக்கு? வெளியயும் தமிழ்லயே போட்டா என்ன கேடு? எங்கள ஏன் ஒரு மணி நேரம் பாடாப் படுத்துறீக?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து விசிலடிக்கலாம் போல இருந்தது. அடிக்கத் தெரியாததால் கை தட்டினேன்.

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே, இருபது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"ஆத்தா, அச்சகத்துக்கு நீயே நேர்ல போயிரு."

போனேன். அச்சகத்துக்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திராட்சை-சாம்பல்-நோய் என்று நானே தட்டச்சு செய்தேன். ஒரே வரிதான். எழுத்து மட்டும் பெரிசாக வைக்கச் சொன்னேன்.