பாலத்துக்குக் கீழே மூன்று கடை

ஜொகூரில் இருக்கிற பெக்கோக்கில் தண்டவாளத்துக்கு மேலே பாலம் வந்தபிறகு, அக்காவின் கடை இருக்கிற தெருவுக்குள் கார் வருவது நின்றுபோனது. பாலம் நல்லதுக்குத்தான். கேட்டை மூடிவிட்டால் ரயில் போகிறவரை வெயிலில் கிடக்க வேண்டிய காலம் யாருக்கும் திரும்ப வேண்டாம். ஆனால் அப்படிக் கிடந்தவர்கள்தான் காரை ஓரமாகப் போட்டுவிட்டு வந்து ரெண்டு தோசை சாப்பிட்டுப் போவார்கள். இப்போது எல்லோரும் தலைக்கு மேலே போகிறார்கள். கடைக்குள் உட்கார்ந்திருந்தால் சத்தம் மட்டும் கேட்கும்.

எனக்கு வேலை போனபிறகுதான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். உலு திராமில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் ஸ்டோரில் இருந்தேன். கம்பெனி வேறு நாட்டுக்குப் போகிறது என்று ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவள், தனியாள். "ரெண்டு மாசம் இங்க வந்து இரு. உக்காந்து யோசி," என்றாள் அக்கா. வந்த மறுநாளே விடிவதற்கு முன்னால் எழுப்பி, திருகச் சொல்லி நான்கு தேங்காய் மூடிகளைக் கையில் கொடுத்தாள். யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

அந்தத் தெருவில் திறந்திருந்தவை மூன்றே கடைகள். ஒன்று அக்காவின் தோசைக்கடை. எதிரே ஒரு சீனருடைய கோப்பிக்கடை. அவரை ஊரே தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடும். மூன்றாவதைக் கடை என்றுகூடச் சொல்ல முடியாது. மூடிக் கிடந்த ஒரு கடையின் அஞ்சடியில், அந்த முன் நடைபாதையில், மேசை போட்டுக் குவே பலகாரம் விற்ற மலாய்க்கார அம்மா. எங்களுக்கு அவர் மாக்சிக், மலாயில் அத்தை.

அக்காவும் தவுக்கேயும் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. அவர் கடைக்கு வந்த ஒரு கார் அக்காவின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அக்கா சத்தம் போட்டாள். உன் தோசைப் புகைதான் என் கடைக்குள் வருகிறது என்றார் அவர். நடந்தது அவ்வளவுதான். பிறகு வாசலை அடைக்கக் காரே வராத காலம் வந்தது, கோபம் மட்டும் அப்படியே நின்றது. நாளைக்குத் தண்ணீர் வராது என்பது போன்ற செய்தியைக்கூட மாக்சிக்தான் தெருவைக் கடந்து கொண்டுபோவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்தின் நிழலில் ஆறு பேர் சைக்கிளோடு வந்து நின்றார்கள். சிங்கப்பூர்க்காரர்கள். லாபிஸில் வேனை நிறுத்திவிட்டுச் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் ஓட்டி வந்திருக்கிறார்கள். ஒரு சைக்கிளில் டயர் போய்விட்டது. மற்றவர்கள் அதை மாற்றிக்கொண்டிருக்க, முகமெல்லாம் சிவந்துபோயிருந்த ஒரு சீனப் பெண் எங்கள் கடைக்கு வந்து தண்ணீர் கேட்டாள். அக்கா தண்ணீரைக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே கல்லில் மாவை ஊற்றினாள்.

ஆறு பேரும் சாப்பிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் ஐந்து தோசை. தேங்காய்ச் சட்னியைத் தட்டோடு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "ஆன்ட்டி, ரெண்டு வாரம் கழிச்சு எங்க குழு முழுசா வரும், முப்பது நாற்பது பேர். சமாளிப்பீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"கேன் லா," என்றாள் அக்கா. அவளுக்கு அன்றைக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அது.

அவர்கள் போனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டோரில் இருந்த புத்தி, உடனே ஒரு தாளை எடுத்துத் திட்டம் போட்டேன். கூடுதல் மேசை, வெளியே ஒரு கூடாரம், இன்னொரு அடுப்பு. தோசையோடு மீ கோரெங், நாசி லெமாக், கோப்பி, ஐஸ் மைலோ, பலகாரம். எல்லாம் நம் கடையிலேயே. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தாள். தோசை மட்டும் மிஞ்சியது.

"பலகாரம் மாக்சிக் செய்யட்டும். கோப்பி தவுக்கே போடட்டும்."

"அவருகூடத்தான் நீ பேசவே மாட்டியே!"

"பேச மாட்டேன்தான். அதுக்காக அவரு கோப்பிய நான் குடிக்கலன்னு எப்பவாச்சும் சொன்னேனா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தினமும் பத்து மணிக்கு மாக்சிக் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அவர் வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். அது தவுக்கே போட்ட கோப்பி. பதினோரு வருஷமாகத் தெருவைக் கடந்து வந்துகொண்டிருக்கிறது.

"அவருக்குத் தெரியுமா?"

"சக்கரை கம்மியா இருக்கும். யாருக்குன்னு தெரியாமலா அப்படிப் போடுறாரு?"

பிறகு என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "இந்தா பாரு. எல்லாத்தையும் நானே வித்தா, அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிருவாங்க. அப்புறம் இந்தத் தெருவுல நான் மட்டும். ஒத்தக் கடைய நம்பி எவன் வண்டிய திருப்புவான்?" அதைச் சொல்லும்போது குரலில் பெரிய மனசு எதுவும் இல்லை. மாவு புளித்துவிட்டது, உப்பைப் போடு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதே வாரம், சிகாமாட் பேரங்காடியில் விலை குறைவு என்று நான் வாங்கி வந்த உளுந்து மூட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மளிகைக் கடைக்காரரு என்ன பாவம் பண்ணுனாரு?" என்று ஒரு நாள் முழுக்க என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

தவுக்கேயிடம் பேசப் போனது நான்தான். அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார். முட்டி வலி. மகன் ஜொகூர் பாருவுக்கு வரச் சொல்கிறான். சீனப் புத்தாண்டோடு கடையை மூடிவிடலாம் என்று இருக்கிறாராம். நான் விஷயத்தைச் சொன்னேன். மேசையைத் துடைத்துக்கொண்டே, "நாற்பது பேரா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். தெரு முழுக்க சைக்கிள். சாய்த்து வைக்கச் சுவர் போதவில்லை. மாக்சிக் தன் தங்கையையும் கூட்டி வந்திருந்தார். ஒன்பது மணிக்குள் அவருடைய ஓன்டே ஓன்டே உருண்டைகள் தீர்ந்துபோயின. அக்கா மூன்று கல்லில் மாறி மாறி ஊற்றினாள். நான் தட்டுகளோடு ஓடினேன். தவுக்கே கடையில் எல்லா நாற்காலியும் மேசைமேலிருந்து இறங்கியிருந்ததைப் போகிற போக்கில்தான் கவனித்தேன்.

கூட்டம் பாதி சாப்பிட்டிருக்கும். அடுப்புத் தீ நீலமாகச் சுருங்கி, அணைந்தது. காஸ் தீர்ந்துவிட்டது. பின்னால் இருந்த அடுத்த காஸ் தோங்கை, சிலிண்டரை, தூக்கினேன். இறகுபோல வந்தது. அதுவும் காலி. பதினெட்டு வருஷம் ஸ்டோரில் சரக்குப் பார்த்தவள், மாற்றுக்கு இருந்த ஒரே ஒரு காஸ் தோங்கைத் தட்டிப் பார்க்கவில்லை. கல்லில் ஊற்றிய தோசைகள் வேகாமல் வெள்ளையாகக் கிடந்தன. அக்கா என்னைத் திட்டவில்லை. கரண்டியைப் பிடித்தபடி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

தெருவில் கடகடவென்று சத்தம். தவுக்கே. மீன் பெட்டி தள்ளுகிற தள்ளுவண்டியில் தன் கடையின் காஸ் தோங்கை வைத்து, நொண்டிக்கொண்டே தள்ளி வந்தார். சைக்கிள்காரர்கள் வழிவிட்டார்கள். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே உள்ளே வந்து, குனிய முடியாமல் குனிந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். தீ பிடித்தது. அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்து மலாயில் சொன்னார்:

"எனக்கு ஒண்ணு. கருக்கிடாதே."

அக்காவும் மலாயிலேயே, "உட்கார். நாற்காலி காலியில்லைன்னா உன் கடையிலிருந்து எடுத்துட்டு வா," என்றாள்.

"என் கடையில் கூட்டம்," என்றார் அவர். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். மாக்சிக் வாசலில் நின்று வாயைத் தலைத்துணியின் முனையால் மூடிக்கொண்டு அழுதார். இனிமேல் ரெண்டு பேருக்கும் நடுவில் நடக்க வேண்டியதில்லை என்ற நிம்மதியோ என்னவோ.

ஊர் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். சில ஞாயிறு பதினைந்து பேர் வருவார்கள், சில ஞாயிறு ஐம்பது. மழை மாதங்களில் பாதை முழுக்கச் சேறு, ஒருவரும் வரமாட்டார்கள். ஆனால் தவுக்கே சீனப் புத்தாண்டுக்குக் கடையை மூடவில்லை. முட்டிக்கு மருந்து பூசிக்கொண்டு வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் திறக்கிறார். தோட்டத்தில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசை முடிந்ததும் வந்து, மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்பகுதியில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறார். நான் உலு திராம் அறையைக் காலி செய்துவிட்டேன். வருகிறவர்களுக்கு வாட்சாப்பில் பதில் போடுவது, எந்தப் பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்வது, மூன்று கடைக்கும் சேர்த்து எவ்வளவு பேர் என்று முதல்நாளே தெரிவிப்பது என் வேலை.

போன மாதம் லாபிஸிலிருந்து ஒரு இளம் புருஷன் பெண்டாட்டி வந்து, எங்களுக்கு மூன்றாவதாக இருக்கிற காலிக் கடையை வாடகைக்குப் பார்த்தார்கள். என்ன வியாபாரம் என்று கேட்டேன். ரொட்டி சானாய், தோசை என்றார்கள். உள்ளே போய் அக்காவிடம், "பாத்தியா, நம்ம வயித்துல அடிக்க வந்துட்டாங்க," என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். சண்டை போடத்தான் போகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன். அந்தப் பெண்ணிடம் போய், "பின்பக்கம் கூரை ஒழுகும், வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் போட வெச்சுட்டு அப்புறமா கையெழுத்துப் போடு," என்றாள். "ஐஸ் காலையில ஏழு மணிக்கு வரும். எங்களோட சேர்த்துச் சொல்லிடவா?"

கடை திறந்த முதல் ஞாயிறு, எங்களிடம் இடம் இல்லாத நாலு பேரை அக்கா அங்கே அனுப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் திரும்பி வந்து நின்றார்கள்.

"என்ன, நல்லா இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் ஆசையாகவே கேட்டேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"அங்கேயும் உட்கார இடமில்லை," என்றார்கள்.