கேட்காமல் கோடு போடமாட்டேன்

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் ஒரு வெட் கிரைண்டர் பட்டறையில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. அந்தப் பட்டறையில் நான் ஒருத்திதான் பெண்.

உக்கடத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த ஒரு பாய் எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். புதுசாக ஒரு கிரைண்டர் வேண்டும் என்றார். எப்படி என்று சொல்லமாட்டார்; பெண்களுக்கு வசதியாக நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்பார். எங்கள் முதலாளியும் "ஆகட்டுங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார். பெரிய மனிதரிடம் குறுக்குக் கேள்வி கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு.

உயரத்தைக் குறைத்து ஒன்று செய்தோம். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சிரித்தபடி வாங்காமல் போனார். பளபளவென்று ஸ்டீலில் இன்னொன்று செய்தோம். அதற்கும் அதே சிரிப்பு. பழி யார் மேல்? டிராயிங் போட்டவள் மேல்தான். மூன்றாவதும் தேறாவிட்டால் என்னை பில் போட அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டு, வழி தெரியவில்லையா என்று திட்டினால் எப்படி?

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த முறை பாய் வந்தபோது நேராகப் போய் அவர் எதிரில் நின்றேன். முதலாளி கண்ணைக் காட்டியும் நகரவில்லை.

"ஏனுங்க பாய், மாவாட்டறப்ப ஊட்டுப் பொம்பளைங்களுக்கு எது கஷ்டம்னு சொல்லுங்க. அது தெரியாம நான் கோடு போடமாட்டனுங்க."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவிக்கு இடுப்பு வலியாம். மாவை வழிக்க ஒவ்வொரு தடவையும் கல்லைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருக்கிறதாம். கடைக்கு வரும் பெண்களும் அதையேதான் சொல்கிறார்களாம்.

"கல்லத் தூக்காம மாவெடுக்கோணும், அம்மணி. அவ்வளவுதான். இத்தன நாளா யாரும் கேக்கலீங்களே."

கல் உள்ளேயே இருக்க, பாத்திரத்தையே சாய்த்து மாவைக் கொட்டுகிற மாதிரி வரைந்தேன். செய்து முடித்ததும் அவர் மனைவியே பட்டறைக்கு வந்து, மாவாட்டி, ஒரு கையால் சாய்த்துப் பார்த்தார். பாய் அங்கேயே ஆர்டர் சொல்லிவிட்டார்.

முதலாளி அடுத்து வந்த வாடிக்கையாளரை நேராக என் மேஜைக்கே கூட்டி வந்து, "இந்த அம்மணிக்கு வாய் கொஞ்சம் நீளமுங்க, கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லிப்போடுங்க" என்றார். அந்தப் பெயர் எனக்கு இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம், யாருக்கு எது கஷ்டம் என்று தெரியாமல் இன்றுவரை நான் ஒரு கோடும் போட்டதில்லை.