மயிலுக்குப் பூட்டு

போன வாரம் ஒரு அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வாசலில் நின்றுகொண்டு, "இங்க யாருங்க என்னைத் திருடின்னு சொன்னது?" என்று கேட்டார்.

நான் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தேன். வழக்கமாக இருக்கும் இடம்தான். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள் — வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? பேப்பரில்தான் எனக்குப் பேச்சே வரும்.

அந்த அம்மாவை நாங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. வெப்சைட் சொல்லியிருந்தது.

நான் இருப்பது குத்தாலத்தில், மகள் செல்வி வீட்டில். அவள் கல்யாணங்களுக்குச் சீர்வரிசைத் தட்டு ஜோடிக்கிறாள். முந்திரி, திராட்சை, கற்கண்டு எல்லாம் வைத்துத் தேர் செய்வாள், கோபுரம் செய்வாள். மயில் செய்தாள் என்றால் எடுத்துத் தின்ன மனசு வராது. செய்ததையெல்லாம் படமெடுத்துத் தன் வெப்சைட்டில் போட்டுவிடுவாள்.

அந்த மயில் படத்தை வேறொரு ஊர்க் கடைக்காரன் எடுத்து, தன் பெயரைப் போட்டு, தான் செய்ததாகவே விளம்பரம் கொடுத்துவிட்டான். செல்வி போன் போட்டுக் கேட்டதற்கு, "நெட்ல சும்மா கிடந்துச்சுக்கா" என்றானாம். முதுகு ஒடியக் குனிந்து ஒட்டினது இவள், பேர் வாங்கினது அவன். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை கிளம்பினார். துபாயில் ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அதனால் எங்கள் தெருவுக்கே அவர்தான் எஞ்சினியர். வெப்சைட்டுக்குப் பூட்டு போட்டார். பூட்டென்றால் சாதாரணப் பூட்டா? ஒவ்வொரு படத்தின் குறுக்கேயும் செல்வி பேர் — மயிலுக்குக் கொண்டை முதல் தோகை வரைக்கும், அரிசி மூட்டையில் அச்சடித்த மாதிரி. போனில் படத்தை விரலால் அமுக்கினால் சிவப்புப் பெட்டி ஒன்று குதிக்கும்: 'படத்தைத் திருட முயற்சி செய்கிறீர்கள். உங்கள் விவரம் பதிவாகிவிட்டது.'

எங்கே பதிவாகிறது என்று செல்வி கேட்டாள். எங்கேயும் இல்லையாம், சும்மா பயமுறுத்தத்தானாம்.

"இனிமே ஈ, காக்கா கூட எடுக்க முடியாது" என்றார்.

நான் கதவிடுக்கில் என் போனை நீட்டிக் கம்ப்யூட்டரையே ஒரு போட்டோ எடுத்தேன். மயில் வந்துவிட்டது... சொல்லலாமா? மாப்பிள்ளையோடு நான் நேராகப் பேசுவதில்லை. அவரும் அப்படித்தான். "செல்வி, காபி ஆறுதுன்னு சொல்லு" — இதுதான் எங்கள் வழக்கம். காபிக்கே தூது போகிற வீட்டில் வெப்சைட்டைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல? போனை இடுப்பில் செருகிக்கொண்டு குழம்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அன்றையிலிருந்து ஆர்டர் கேட்டு வருகிற போன் குறைய ஆரம்பித்தது.

ஏன் குறையாது? நம் பக்கத்தில் சீர்த்தட்டை யாராவது தனியாகப் பார்த்து முடிவு செய்வார்களா? படம் நாத்தனாருக்குப் போகணும். பெரியம்மாவுக்குப் போகணும். மயில் வேண்டாம், அன்னம் வை என்று ஒருத்தர் சொல்லணும். அதற்கு இன்னொருத்தர் கோபித்துக்கொள்ளணும். பிறகுதான் அட்வான்ஸ். படத்தை அனுப்பலாம் என்று அமுக்கினால் சிவப்புப் பெட்டி! திருடன் பயப்படவே இல்லை. பெரியம்மாக்கள்தான் பயந்துபோனார்கள்.

வாசலில் நின்றவர் குடவாசல்காரர். மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் அத்தனையும் செல்வியிடம்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். இவ்வளவு பெரிய ஆர்டர் அவளுக்கு இதுதான் முதல். அதை நம்பி உதவிக்கு இரண்டு பெண்களை வரச்சொல்லி வைத்திருந்தாள்.

"அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காங்க. சீர் அவங்கதானே செய்யணும், காட்டணும்ல? படத்தை அமுக்கறேன்... பக்கத்துல சம்பந்தியம்மா. சத்தமா படிக்கிறாங்க, திருட முயற்சின்னு."

மாப்பிள்ளை விடுவாரா? டெக்னாலஜி, காப்பிரைட் என்று விளக்கம் கொடுத்துவிட்டு, "அடுத்தவங்க உழைப்பை எடுக்கறது தப்பு இல்லீங்களா?" என்று முடித்தார்.

அந்த அம்மா தன் போனை அவர் பக்கம் திருப்பினார். எங்கள் வெப்சைட்டின் முதல் பக்கம். பச்சைப் பசேலென்று வயல், ஓரத்தில் நீலக் கதவு போட்ட மோட்டார் கொட்டகை. குறுக்கே செல்வி பேர்.

"இது எங்க வயலுங்க. அண்ணன் ஊருக்கு வந்தப்ப எடுத்துப் போட்ட படம். அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சது என் வீட்டுக்காரர். பட்டா எங்க பேர்ல இருக்கு... குறுக்க உங்க பேர் எப்படிங்க வந்துச்சு?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "நெட்ல சும்மா கிடந்துச்சுங்க" என்றார்.

நம் மயிலை எடுத்தால் திருட்டு. அடுத்தவர் வயலை எடுத்தால், அது சும்மா கிடந்தது. நல்ல நியாயம்!

அந்த அம்மா படியிறங்கத் திரும்பினார். செல்வியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, வெளியே வந்துவிட்டேன்.

"மாப்பிள்ளை, பூட்டைக் கழட்டிடுங்க. அம்மா, நீங்க உள்ள வாங்க."

செல்விக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நேராக நான் பேசிய முதல் பேச்சு. மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

அங்கேயே பூட்டு போனது, சிவப்புப் பெட்டி போனது. அந்த அம்மா வயல் படத்தை எடுத்துவிடச் சொல்வார் என்று பார்த்தால், அண்ணன் பேரைப் போடச் சொன்னார் — தலைப்பில் இருக்கும் செல்வி பேரைவிடப் பெரிதாக. போட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சிங்கப்பூருக்குப் படம் போனது. ஆர்டர் நிலைத்தது. மயில் மட்டும் வேண்டாமாம், அன்னம்தானாம். சம்பந்தியம்மா சொல்லிவிட்டாராம்.

மயில் இன்னும் அந்தக் கடைக்காரன் விளம்பரத்தில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை அவனைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம் நானே டம்ளரோடு போய் எதிரில் நிற்கிறேன் — "காபி ஆறுது மாப்பிள்ளை."