அக்காவைப் பார்க்கப் போன நாய்

அக்கா கல்யாணமாகிச் சென்னைக்குப் போனதிலிருந்து எங்கள் நாய் சரியாகச் சோறு தின்னவில்லை. முகர்ந்து பார்க்கும், ரெண்டு வாய் நக்கும், வாசலில் போய்ச் சுருண்டுகொள்ளும். வீடியோ காலில் அவள் குரல் கேட்டால் போனுக்குப் பின்னால் போய்த் தேடும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

"ஒரு தபா கூட்டினு போய் அவள காட்டிட்டு வா. இல்லன்னா இது செத்துடும்" என்றாள் அம்மா.

குட்டியாக அதைத் தூக்கி வந்தவளே அக்காதான். ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேரைப் போல நாங்களும் வீட்டிலேயே ஷூ தைக்கிறவர்கள். கம்பெனியிலிருந்து மூட்டையில் ஷூவின் மேல்பாகத் தோல் வரும், கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். ஜோடியில் ஒன்று காணாமல் போனால் ஏஜெண்ட் கத்துகிற கத்து தெருக்கோடி வரை கேட்கும். அதனால் அக்கா நாயைப் பழக்கியிருந்தாள். தரையில் எங்கே ஷூ கிடந்தாலும் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து நிற்கும். கையில் வாங்கித் தலையைத் தட்டினால்தான் நகரும்.

சரக்கு வேன் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கெஞ்சி இடம் வாங்கினேன். பூந்தமல்லி தாண்டியதும் ஹாரன் சத்தத்தில் நாய் என் காலுக்கடியில் புகுந்துகொண்டது. அக்காவின் அடுக்குமாடி வாசலில் இறங்கினால், நாலு காலிலும் ஷூ போட்டுக்கொண்டு ஒரு நாய் நடந்து வருகிறது! வாயைப் பிளந்துவிட்டேன். மனுஷனுக்குத் தைத்தே எங்கள் விரல் ஓட்டையாகிறது, இதில் நாய்க்கு வேறயா! எங்கள் நாய் சும்மா இருக்குமா? பாய்ந்துபோய் ஒரு ஷூவை உருவப் பார்த்தது. அந்த நாயைப் பிடித்து வந்த அம்மா போட்ட கூச்சலில் எங்கள் நாயை இழுத்துக்கொண்டு படியேறினேன்.

கதவைத் திறந்த அக்காவின் மேல் ரெண்டு காலையும் தூக்கி வைத்து அது அழுத அழுகை இருக்கிறதே! அக்காவும் கட்டிக்கொண்டு அழுதாள். அது பொய்யில்லை, நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "இங்க அக்கம்பக்கத்துல யாருனா கேட்டா ஷூ தைக்கிற கதையெல்லாம் எடுக்காதடி. அப்பா கம்பெனில சூப்பர்வைசர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. அப்பா செத்தே பல வருஷம். அவர் தோல் பதனிடுகிற இடத்தில் தோல் கழுவியவர்.

மறுநாள் காலை மாமா வேலைக்குப் போன பிறகு நான் குளிக்கப் போனேன். கதவைச் சரியாகச் சாத்தாதது யார் என்று தெரியவில்லை. வெளியே கூச்சல் கேட்டு ஈரத்தலையோடு ஓடி வந்தேன். அந்த மாடியில் எல்லா வீட்டு வாசலிலும் இருந்த ஷூக்கள் அக்கா வீட்டு வாசலில் குவிந்து கிடந்தன. நாய் குவியலுக்குப் பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. அக்கா கதவோரம். எதிரே குடியிருப்புச் சங்கச் செயலாளர் என்று ஒரு பெரியவர், இன்னும் நாலைந்து பேர்.

"யார் நாய்மா இது?"

"தெரியல சார். தெருநாய் போல. கீழ கேட் தெறந்திருந்தா ஏறி வந்துடுது."

சொன்னது என் அக்கா! அந்த நாயின் கழுத்துப்பட்டைகூட அவள் தைத்ததுதான், மிச்சத் தோலில்.

"அப்ப நாய் புடிக்கிற கார்ப்பரேஷன் வண்டிய வரச் சொல்றேன்" என்று அவர் போனை எடுத்தார்.

நாய்க்கு என்ன தெரியும்? அவள் குரல் கேட்டதும் குவியலிலிருந்து ஒரு ஷூவைக் கவ்வி, அவள் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் கை ஒருமுறை எழுந்தது. உடனே முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"வாங்குக்கா" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள்.

"இது எங்க நாய் சார்" என்று கத்தினேன். "நாங்க ஆம்பூர்ல வீட்ல ஷூ தைக்கிறவங்க. கீழ கெடந்தா எடுத்துக் குடுக்கச் சொல்லிப் பழக்கினது. வண்டியெல்லாம் வேணாம், நானே கூட்டினு போறேன்." கையை நீட்டினேன். நாய் ஷூவை என்னிடம் தரவில்லை. எச்சில் ஒழுக ஒழுக அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் அதுவாகவே வாயைத் திறந்து ஷூவைத் தரையில் போட்டது. அது அப்படிப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

பையை எடுத்துக்கொண்டு நாயோடு இறங்கினேன். அக்கா கீழே வரவில்லை.

அண்ணனின் வேன் திரும்பும்போது ஏறி, சாயந்திரம் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா தட்டில் சோறு வைத்தாள். நாய் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, தட்டையும் நக்கியது. வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா, அவள பாத்ததும் சரியாப் போய்டுச்சு" என்று அம்மா சிரித்தாள். "அவ இன்னா சொன்னா?"

என் தட்டிலிருந்த சோற்றையும் நாயின் தட்டில் தள்ளினேன்.