பாயின் காலில் பட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. கங்கைகொண்டானில் லோடு இறக்கும்போது இரும்புத் தகடு என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பதினோரு தையல். எட்டாம் வகுப்போடு ஊரை விட்டவன் நான். போன ஊரிலெல்லாம் ஏதாவது அடி பட்டிருக்கிறது.

அடுத்த கட்டிலில் திசையன்விளைப் பக்கத்து பாய் ஒருவர். வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். சர்க்கரை நோயில் இரண்டு கால்விரல்கள் ஏற்கெனவே போய்விட்டன. பாதத்துப் புண் எலும்பைத் தொட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைத் தடுக்கத்தான் புண்ணின் மேல் மெல்லிய சவ்வு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கண்ணுக்கே தெரியாத துகள்களாக மருந்து அதற்குள் இருக்கிறதாம். சவ்வு கரையக் கரைய மருந்து இறங்குமாம். புதுச் சதை அதைப் பிடித்துக்கொண்டு வளருமாம். எதில் செய்தது என்று நர்ஸிடம் கேட்டேன். பட்டுப்புழுக் கூட்டிலிருந்து எடுத்த புரதம் என்றார்.

தர்மபுரிப் பக்கம் பட்டுக்கூடு அவிக்கும் வேலை பார்த்தவன் நான். ஆச்சரியம் தாங்கவில்லை. பாய் தூங்கி எழுந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ன பாய், புது மாப்பிள்ளையா வே? காலுக்குப் பட்டு கட்டிக் கெடக்கீரு!”

அவர் முகம் வெளுத்தது. “ஏலே, என்ன சொல்லுதே? பட்டா? மார்க்கத்துல ஆம்பளைக்குப் பட்டு ஹராம்லா!”

அவருடைய மகன்தான் எல்லாம் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். புரதம் என்ற சொல் மட்டும்தான் பாயின் காதில் விழுந்திருக்கிறது. குனிந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் ஓடி வந்தார். இப்போது பிய்த்தால் ஒட்டிய சதையும் சேர்ந்து வந்துவிடும் என்றார். பாய் கேட்பதாக இல்லை.

“கால் போனாப் போவுது. வுடுலே கையை.”

“பள்ளிவாசல் அசரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன். அதுவரை பைய இரியும் பாய்.”

நர்ஸைக் காவல் வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே தெருமுனைப் பள்ளிவாசலுக்குப் போனேன். தையல் இழுத்தது. உள்ளே தொழுகை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற அந்தக் கால்மணி நேரத்தில் பயந்த மாதிரி என் வாழ்க்கையில் நான் பயந்ததில்லை. அங்கே பாய் பிய்த்துவிட்டால்? அசரத்தும் கூடாது என்று சொல்லிவிட்டால்?

தொழுகை நடத்தி முடித்து வந்த அசரத்திடம் என் கேலியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார். பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, “அழகுக்கு உடுத்துறதுதான் கூடாது. நோவுக்கு மருந்தா வந்ததுக்குத் தடை இல்ல, காக்கா” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். பாய் பாதி அவிழ்ந்த கட்டைப் பார்த்து அழுதுவிட்டார்.

எட்டு நாள் கழித்து டாக்டர் பிரித்தபோது புண்ணின் ஓரமெல்லாம் சிவப்பாகச் சதை ஏறியிருந்தது. காலை எடுக்க வேண்டியதில்லை என்றார். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

இன்றைக்கும் புது ஊரில் புது ஆட்களோடு உட்காரும்போது, நாக்கு நுனிக்கு வந்த கேலியைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன்; நான் விளையாட்டாகத் தொடுகிற இடம் எதிரில் இருப்பவருக்கு உயிரான இடமாக இருந்துவிடக் கூடாதே என்று.