பதில் சொல்லாத மானிட்டர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையும் பெண்ணும் குழந்தைகளாக இருந்த காலத்துப் படங்களைப் பெரிய திரையில் காட்டுவதாக ஏற்பாடு. லேப்டாப் வந்தது, ப்ரொஜெக்டர் வந்தது, வயர் வந்தது... படம் மட்டும் வரவில்லை. நீலத் திரையில் 'நோ சிக்னல்' என்று இரண்டே வார்த்தை.

உடனே பெண்ணின் மாமா எழுந்து போய் வயரை ஆட்டினார். பிறகு பிடுங்கி, முனையை வாயால் ஊதினார். மறுபடி செருகி ஆட்டினார். இதையெல்லாம் யார் இவருக்குச் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. ஆட்டு, ஊது, செருகு - எல்லா ஊரிலும் எல்லா மாமாக்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் என் கணவர் முறைத்தார். என்ன செய்வது? ஒரு காலத்தில் வயரைப் பிடுங்கிச் செருகுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவள் நான்!

நிஜமாகத்தான். தொண்ணூறுகளின் கடைசி. காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டருக்குள் செருகும் டிஸ்ப்ளே கார்டுகளை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தயாரித்தது. அந்தக் கார்டு மானிட்டரில் படம் காட்ட ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதிக் கொடுப்பது நாங்கள். 'பொண்ணு டிரைவர் கம்பெனியில வேலை பாக்கறா' என்று அப்பா சொல்லப்போக, வரன் விசாரிக்க வந்தவர்கள் 'லாரியா, பஸ்ஸா?' என்று கேட்டுவிட்டுப் போன காலம்.

டிரைவரை எழுதியவன் லூர்து. லிங்கராஜபுரத்துப் பையன், என் வயசுதான். அவன் எழுதியதைச் சோதிப்பது நான். ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்குவேன். படம் நிற்கும். செருகுவேன். படம் வரும். அவ்வளவுதான் என் தொழில். எங்கள் முதலாளி நாகராஜ் சார் மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களிடம் கன்னடம் கலந்து, தனக்கென்று ஒரு தமிழ் பேசுவார்.

லூர்துவின் அத்தை ஜெசிந்தா டீச்சர், லிங்கராஜபுரத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தார். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள் அங்கே இருந்தன. பிள்ளைகள் அதில் படம் வரைந்து பழகிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் சாம்பிளாக வந்து மிச்சமிருந்த கார்டுகளை நாகராஜ் சார் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். லூர்துவே போய் எல்லாவற்றையும் மாட்டி, எங்கள் புத்தம்புது டிரைவரையும் பதிந்துவிட்டு, ஆன் செய்து பார்க்காமலே பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்துவிட்டான்.

மறுநாள் ஆபீசுக்கு போன். நான்தான் எடுத்தேன்.

"லூர்து இருக்கானாம்மா? இல்ல, ஓடிட்டானா?"

ஜெசிந்தா டீச்சரின் குரல் எதிர்ச்சுவர் வரைக்கும் கேட்டது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவருக்கு எதற்கு இவ்வளவு பெரிய குரல்? அன்று எனக்குத் தோன்றிய முதல் சந்தேகம் அதுதான்.

"ஒரு மிஷின்லகூட படம் வரலை. எல்லாம் இருட்டு. சனிக்கிழமை பேரன்ட்ஸ் எல்லாரும் வர்றாங்க. பிள்ளைங்க ரெண்டு மாசமா வரைஞ்சு வெச்சிருக்காங்க. நான் என்னத்தைக் காட்டுறது, உங்க மூஞ்சியையா?"

கம்ப்யூட்டர்களில் முன்பிருந்த பழைய கார்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. திரும்பிப் போக வழியில்லை. நானும் லூர்துவும் ஆபீசிலிருந்த ஒரு புது மானிட்டரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம்.

பள்ளியில் ஒரு நீள அறை. சுவரோரமாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு பிள்ளைகள். எங்களைப் பார்த்ததும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். பெயர் பிரேமா. மானிட்டரைக் காட்டி, தலையைச் சாய்த்து உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். டீச்சர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது - தூங்குகிறதாம்!

லூர்து ஒரு கம்ப்யூட்டரை ஆன் செய்தான். முதலில் வெள்ளை எழுத்துகள் வந்தன. விண்டோஸ் படம் வந்தது. அடுத்த நொடி... இருட்டு. கொண்டு போன புது மானிட்டரை அதே கம்ப்யூட்டரில் மாட்டினோம். பளிச்சென்று படம். பிள்ளைகள் முகத்திலும் பளிச். கழற்றிப் பழையதை மாட்டினால் மறுபடி இருட்டு.

லூர்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அத்தே, புரிஞ்சுபோச்சு. டிரைவர் உள்ள வந்ததும், வயர் வழியா மானிட்டரை ஒரு கேள்வி கேக்கும். 'நீ யாரு, எவ்ளோ பெரிய படம் தாங்குவே'ன்னு. புது மானிட்டருங்க பதில் சொல்லும். இதுங்க ரொம்பப் பழசு. இதுங்களுக்குப் பதில் சொல்லவே தெரியாது."

"சொல்லலைன்னா?"

"மானிட்டரே மாட்டலைன்னு முடிவு பண்ணி, டிரைவர் படத்தை நிறுத்திடும். கார்டு கம்பெனிக்காரன் ரூல் அது."

டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"பதில் சொல்லலைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தமாடா? அப்படிப் பாத்தா என் கிளாஸ்ல ஒருத்தருமே இல்லியே!"

சொல்லிவிட்டு அதையே கைகளால் பிள்ளைகளுக்கும் சொன்னார். அறை முழுக்க ஒரே சிரிப்பு. பிரேமா ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று, 'நான் இங்கே இருக்கேன்' என்பதுபோல் மார்பில் தட்டிக் காட்டினாள்.

ஆபீசுக்குத் திரும்பி நாகராஜ் சாரிடம் சொன்னோம். அவர் சம்மதிக்கவில்லை.

"ஏனப்பா லூர்து, கம்பெனி கொடுத்த ஸ்பெக்ல என்ன எழுதியிருக்கோ அதுதானே பண்ணணும்? மானிட்டர் இல்லாத இடத்துக்குப் படம் அனுப்பினா கஸ்டமர் சும்னே இருப்பானா? பேடப்பா, வேண்டாம்."

"சார், மானிட்டர் இருக்கு சார். பதில்தான் இல்ல" என்றான் லூர்து.

"ஸ்கூலுக்கு மட்டும் தனியா ஒண்ணு எழுதிக் கொடுத்துடலாமே சார்?" என்றேன் நான்.

"தனியா ஒண்ணா? அப்புறம் அதை யார் பாத்துக்கறது, எங்க தாத்தாவா?"

ஆனால் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, வெளிநாட்டுக் கார்டு கம்பெனிக்குப் போன் போட்டார். நாங்கள் கதவருகே நின்றோம். அந்தப் பக்கத்து ஆள் கேட்ட கேள்வி எங்கள் காதிலேயே விழுந்தது. இந்தக் காலத்தில் இவ்வளவு பழைய மானிட்டரை யார் வைத்திருக்கிறார்கள்?

நாகராஜ் சார் நிமிர்ந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். எங்கள் நாட்டில் எல்லோரும், சார்.

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு. சரி, செய்து பாருங்கள். மானிட்டர் எதுவும் கெட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

லூர்து மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து எழுதினான். மானிட்டர் பதில் சொல்லவில்லையா? கொஞ்சம் பொறுத்து மறுபடி கேள். அப்போதும் மௌனமா? யாரோ இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டு படத்தை அனுப்பு. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. மத்தியானம் பள்ளிக்குப் போய்ப் பதிந்தோம். ஆன் செய்தோம்.

கீ...ச்ச்!

மானிட்டருக்குள்ளிருந்து ஒரு விசில். திரையில் படம் கிழிந்த சேலைபோல அலைந்தது. லூர்து நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து சுவிட்சை அணைத்தான். டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். பிள்ளைகளுக்கு விசில் கேட்கவில்லையே... அவர்கள் பார்த்ததெல்லாம், ஒரு நெட்டையான ஆள் காரணமே இல்லாமல் தவளைபோலத் தாவியதைத்தான். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பொடியன் உடனே எழுந்து அதேபோல் தாவிக் காட்டினான்.

"பெரிய படமா அனுப்பிட்டேன். இதால தாங்க முடியலை" என்றான் லூர்து, மூச்சு வாங்கியபடி.

யாரென்று தெரியாதவரிடம் முதலில் சின்னதாகத்தானே பேச்சைத் தொடங்க வேண்டும்? எந்த மானிட்டரும், எவ்வளவு பழசாக இருந்தாலும், காட்டக்கூடிய சின்ன அளவு ஒன்று உண்டு. அந்த அளவுக்கு மாற்றினான். பயத்தோடு ஆன் செய்தோம். லூர்துவின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. வெள்ளை எழுத்து... விண்டோஸ் படம்... இருட்டு. ஒரு நொடி, இரண்டு நொடி.

வந்தது!

கொழுகொழுவென்று, கொஞ்சம் பெரிய பெரிய எழுத்தாக, ஆனால் முழுசாக ஒரு படம். பிள்ளைகள் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்து ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தானாம். அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். காற்றடிக்கும்போது அரசமரம் முழுக்க இலை ஆடுமே, அதுபோல. என் வேலைக்கு யாரும் அதுவரை கைதட்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயர் பிடுங்குகிறவளுக்கு!

சனிக்கிழமை பெற்றோர்கள் வந்தார்கள். நாகராஜ் சாரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பிள்ளைகள் வரைந்த படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் அசைவதுபோல் தெரியும். மீன் நீந்தியது. பூ விரிந்தது. ஒரு பையனின் படத்தில் நெட்டை ஆள் ஒருவன் தவளையாகித் தாவினான்; லூர்து மட்டும் அதற்குச் சிரிக்கவில்லை. நாகராஜ் சார் பழக்கதோஷத்தில் கைதட்டத் தொடங்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கைகளை மேலே தூக்கி ஆட்டினார்.

அடுத்து பிரேமாவின் படம். கறுப்பும் மஞ்சளுமாக ஒரு ஆட்டோ திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனது. கண்ணாடிக்கு மேலே பூச்சரம். பக்கவாட்டில் பெரிய ரப்பர் ஹாரன்.

பின்வரிசையிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து முன்னால் வந்தார். பிரேமாவின் அப்பா. ஜீவனஹள்ளியில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"இன்னா டீச்சர், நம்ம வண்டி கணக்கா கீதே! இது எம்பொண்ணு போட்டதா?"

"உங்க பொண்ணேதான்."

அவர் திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார். ஹாரனின் வாயிலிருந்து சூரியக் கதிர் மாதிரி கோடு கோடாக வரைந்திருந்தாள். அதில் விரலை வைத்தார்.

"இது ஹாரன் சத்தம்தானே? பொறந்ததுலேர்ந்து எதுவுமே கேட்டதில்லியே டீச்சர் இவளுக்கு. ஹாரன்ல சத்தம் வருதுன்னு எப்படித் தெரியும்?"

டீச்சர் பிரேமாவிடம் கைகளால் கேட்டார். பிரேமா, இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள். பிறகு கைகள் பறந்தன. எப்போதும் உரத்துப் பேசும் டீச்சர் அதை எங்களுக்கு மெதுவாகச் சொன்னார்.

"அப்பா அதை அமுக்கினா முன்னாடி போறவங்க எல்லாரும் ஒதுங்குறாங்களாம். தொடவே இல்லியே, அப்புறம் எப்படி ஒதுங்குவாங்க? அதுலேர்ந்து ஏதோ போகுதுன்னுதானே அர்த்தம்னு கேக்குறா."

அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்தார். நாங்களெல்லாம் பின்னாலேயே போனோம். வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. அவளை டிரைவர் சீட்டில் தூக்கி உட்கார வைத்து, ரப்பர் பந்தின் மேல் அவள் கையை வைத்து, "அமுக்கு" என்று தன் கையால் காட்டினார்.

அமுக்கினாள். பாம்ம்!

தெருவில் போன சைக்கிள்காரர் திரும்பினார். எதிர்வீட்டு அம்மா பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். வாசலில் நின்ற பெற்றோர் அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். பிரேமா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவளிடமிருந்து கிளம்பிய ஏதோ ஒன்று அத்தனை பேரையும் போய்த் தொட்டிருக்கிறது! இன்னொரு முறை அமுக்கினாள். இன்னொரு முறை...

லூர்துவின் அந்த நாலைந்து வரிகளைக் கார்டு கம்பெனிக்காரர்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். எந்தெந்த ஊரிலோ, எந்தெந்தப் பழைய மானிட்டரிலோ படம் வந்திருக்கும். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு அந்த வாசலில், ஹாரன் அமுக்கப் பிள்ளைகள் எல்லோரும் வரிசை கட்டிவிட்டார்கள். ஜெசிந்தா டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு, "போதும்டா, போதும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். யார் காதிலும் விழவில்லை.

வரிசையில் கடைசி ஆளாக, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றவர் நாகராஜ் சார்.